ஒரு சரக்கும் இல்லாத சந்தை

மான்செஸ்டர் நகரின் நடுவில், செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தை ஒட்டி, ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய கல் கட்டடம் நிற்கிறது. கீழே கடைகள். படியேறிப் போனால் முதல் மாடியில் ஒரு கூடம். அதன் மேல் மூன்று கண்ணாடிக் குவிமாடங்கள். கூடத்தின் சுவரில், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும் உயரத்தில், பஞ்சு விலைப்பலகை ஒன்று இருக்கிறது. 1968ஆம் ஆண்டு முடியும்போது இங்கே வியாபாரத்தை நிறுத்தினார்கள். கடைசி நாள் மாட்டிய எண்களை அதன் பிறகு யாரும் கழற்றவில்லை.

அந்த எண்களை வைத்து இன்றைக்கு ஒரு மூட்டை பஞ்சு வாங்க முடியாது என்பது இருக்கட்டும், அவற்றைக் கணக்குப் போடுவதற்கே தாத்தா காலத்து ஆள் ஒருவர் வேண்டும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று இருந்த காலத்து விலை அது. நூறு பென்ஸ் ஒரு பவுண்டு என்று இங்கிலாந்து மாறியதே 1971இல்தான். கூடத்தின் நடுவில் இப்போது ஒரு நாடக அரங்கு இருக்கிறது. நாடகம் பார்க்க வருகிறவர்கள் பலரும் பலகையை ஏதோ பழைய ரயில் நிலையத்து அலங்காரம் போலப் பார்த்துவிட்டு காபி வாங்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்து போக முடிவதில்லை. நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை சோறு தின்றது மில்லுக்குப் போய்த்தான்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, மில்லில் ரிங் பிரேம் என்ற நூற்பு மிஷின் ஓட்டி ரிடையர் ஆனவர். ஒரு கோடையில் எங்களைப் பார்க்க இங்கே வந்திருந்தார். மான்செஸ்டர் என்ற பெயரைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வந்தவர். கால்பந்து மைதானத்தைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை. “மில்லு எங்கடா மாப்ள? மில்லக் காட்டு” என்றார். நான் அவரை முதலில் இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். படியேறி உள்ளே வந்தவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“மிஷின எல்லாம் கழட்டிட்டாய்ங்களா?”

“இங்க மிஷின் எப்பவுமே இல்ல மாமா.”

“பஞ்சு குடோனா?”

“குடோனும் இல்ல.”

“அப்ப இம்புட்டுப் பெரிய எடத்துல என்னதான் வச்சிருந்தாய்ங்க?”

ஆள்களை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். இந்தக் கூடத்துக்குள் ஒரு பேல் பஞ்சு வந்து இறங்கியதில்லை, ஒரு தறி ஓடியதில்லை. பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கும், அதன் சந்தையும் அங்கேதான். நூற்பு ஓல்டாம், போல்டன் பக்கம். நெசவு பர்ன்லி, பிளாக்பர்ன் பக்கம். மான்செஸ்டரில் நூலும் துணியும் கை மாறும், அதுவும் வாய் வார்த்தையில். செவ்வாயும் வெள்ளியும் சந்தை நாள். சுற்றியுள்ள மில் ஊர்களிலிருந்து முதலாளிகளும் ஏஜென்ட்டுகளும் ரயிலேறி வந்து, மதியத்துக்கு மேல் இந்தத் தளத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். 1920 வாக்கில் உறுப்பினர்கள் சுமார் 11,000 பேர்.

இத்தனை பேர் நிற்கும் கூட்டத்தில் நமக்கு வேண்டிய ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? தூண்களை வைத்துத்தான். ஒவ்வொரு தூணுக்கும் ஓர் அடையாளம், எழுத்தும் எண்ணுமாக. ஒவ்வொரு வியாபாரிக்கும் வழக்கமாக நிற்கும் தூண் ஒன்று உண்டு. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் வட்டாரத்தின் அந்தக் காலத்து மில் லெட்டர்ஹெட்டைப் பார்த்தால், மேலே மில்லின் முகவரி, தொலைபேசி எண், அதன் பக்கத்திலேயே ‘மான்செஸ்டர் எக்ஸ்சேஞ்ச், இன்ன தூண், செவ்வாய், வெள்ளி’ என்று அச்சிட்டிருக்கும். நிற்கிற இடமே ஆபீஸ். நாற்காலி மேஜை இல்லாமல், ஒரு தூணின் நிழலில் நின்றபடி உலகத்துக்கே வேட்டியும் சட்டைத்துணியும் விற்றவர்கள்.

பேரம் பேசுவார்கள், தலையசைப்பார்கள், நோட்டில் குறித்துக்கொள்வார்கள். கடிதம், கையெழுத்து எல்லாம் பிறகு. சொன்ன சொல்லை மாற்றுகிறவன் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் தூணடியில் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். நடுக் குவிமாடத்தின் அடியில் உட்புறமாகச் சுற்றி ஒரு விவிலிய வாசகத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நீதிமொழிகள், 22ஆம் அதிகாரம், முதல் வசனம். பெரும் செல்வத்தைவிட நல்ல பெயரே மேல், வெள்ளியையும் பொன்னையும்விட அன்பும் தயவுமே மேல் என்பது அதன் சாரம். மற்ற இடத்தில் என்றால் பக்தி என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே அது தொழில் விதி. வாய் வார்த்தையில் ஓடும் சந்தைக்குப் பெயர் கெட்டால் முதல் போச்சு.

கட்டடத்தின் பழைய கதையை நீட்ட வேண்டியதில்லை. ஊரின் முதல் எக்ஸ்சேஞ்ச் 1729இல் வந்தது. அது போய் 1809இல் இன்னொன்று திறந்தது. 1851இல் விக்டோரியா ராணி மான்செஸ்டருக்கு வந்து போனதை ஒட்டி ‘ராயல்’ பட்டம் சேர்ந்தது. இடம் போதாமல் 1867இல் தொடங்கி 1874இல் முடித்தது இப்போதுள்ள கட்டடம். மில்ஸ் அண்ட் மர்கட்ராய்ட் என்ற கட்டடக் கலைஞர்களின் கைவேலை. 1914இல் பிராட்ஷா, காஸ் அண்ட் ஹோப் என்பவர்கள் அதை இன்னும் விரிக்கத் தொடங்கினார்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்து நின்றது.

1867 என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால்தான் இந்த ஊர் பட்டினி கிடந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்து, தென் மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றுபோனது. லங்காஷயர் மில்கள் ஒவ்வொன்றாக மூடின, தொழிலாளர்கள் கஞ்சித்தொட்டி முன் வரிசையில் நின்றார்கள். அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாக இவர்கள் கை வைத்தது இந்தியப் பஞ்சில். சூரத் பஞ்சு என்று பொதுவாகச் சொன்னார்கள். இழை குட்டை, தூசி அதிகம், நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று நூற்றவர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். தூத்துக்குடியில் கப்பலேறிய நம் கரிசல் காட்டுப் பஞ்சுக்கும் லிவர்பூல் விலைப்பட்டியலில் ஓர் இடம் உண்டு. ‘டின்னெவெல்லி’ என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம். திருநெல்வேலிச் சீமையில் பருத்தி எடுத்த எந்தப் பெண்ணும் இப்படி ஒரு பட்டியலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

போர் முடிந்தது, அமெரிக்கப் பஞ்சு திரும்ப வந்தது, பணம் புரண்டது, புதிய எக்ஸ்சேஞ்ச் எழுந்தது. அந்தப் பணத்தில் இந்தியாவின் பங்கு சின்னதில்லை. லங்காஷயர் துணிக்கு உலகத்திலேயே பெரிய சந்தை நாம்தான். 1913இல் மட்டும் சுமார் 300 கோடி கெஜம் துணி இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது. மில் வேட்டி, மல், லாங் கிளாத். இந்தத் தூணடிகளில் நின்றவர்களில் எத்தனையோ பேரின் மதியச் சாப்பாடு பம்பாயிலும் கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் துணி விலை எப்படி என்பதைப் பொறுத்திருந்தது.

சந்தை தானாக இப்படி அமைந்துவிடவில்லை. இந்தியாவில் மில்கள் முளைத்தபோது லங்காஷயர் முதலாளிகள் லண்டனில் உட்கார்ந்து அழுத்தினார்கள். வரி விஷயத்தில் இந்திய மில்லுக்கு ஒரு அரையணா அனுகூலம்கூடக் கிடைக்கக் கூடாது என்பது கோரிக்கை. 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீத வரி போட்ட அரசு, இந்தியாவிலேயே மில்லில் நெய்த துணிக்கும் அதே 3.5 சதவீதம் போட்டது. சொந்த ஊரில் நெய்து சொந்த ஊரில் விற்கிற துணிக்கு வரி, எதற்கு? மான்செஸ்டருக்கு மனம் கோணாமல் இருக்க. அந்த வரி ஒழிய 1925, 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் கல் வேலைப்பாட்டை ரசிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கும் என் மனதில் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. கல் அழகாகத்தான் இருக்கிறது.

மாமாவுக்கு இந்த வரிக் கதையைவிட வேறொன்று பிடித்துக்கொண்டது. விலைப்பலகையைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நாப்பதாம் நம்பர் நூலு அன்னைக்கு என்ன வெல?” என்பது. பலகையில் இருப்பது பஞ்சு விலை, நூல் விலை இல்லை என்றேன். ஆனால் அந்தக் கேள்வி இந்தக் கூடத்துக்கு அந்நியமே இல்லை. நம்மூர் மில்லில் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று சொல்கிறோமே, அது லங்காஷயர் கணக்கு. 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு பஞ்சில் 33,600 கெஜம் நூல். கெஜத்தையும் பவுண்டையும் நாம் விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் இன்றைக்கும் நூல் விலை இந்த நம்பரில்தான் பேசுகிறார்கள்.

“ஓல்டாம் எந்தப் பக்கம்?” என்று அடுத்துக் கேட்டார். இங்கிருந்து டிராமில் போகிற தூரம் என்றேன். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மில்லில் பழைய மிஷின்கள் சில ஓடிக்கொண்டிருந்தனவாம். அவற்றின் வார்ப்பிரும்புப் பக்கச் சட்டத்தில் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருக்கும்: பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அந்த எழுத்துகளின் இடுக்கில் கறுப்பாக அப்பிப் போயிருக்கும். ஷிப்டு முடிவில் வேஸ்ட் துணியால் துடைக்கிறபோது விரல் அந்த எழுத்துகளின் மேல் ஏறி இறங்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத காலத்திலேயே அந்தச் சொற்கள் தன் விரலுக்குத் தெரியும் என்றார். லங்காஷயர் துணி விற்றது, துணி நெய்யும் மிஷினையும் விற்றது. இரண்டாவதை விற்கிறவன் முதலாவதை எத்தனை நாள் விற்க முடியும் என்று யாராவது ஒரு தூணடியில் முணுமுணுத்திருப்பார்கள்.

இனி 1921. விரிவாக்கத்தின் பெரும்பகுதி முடிந்து, ‘உலகத்திலேயே பெரிய அறை’ என்று ஊர் பெருமையடித்துக்கொண்ட அந்தக் கூடத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தது அந்த ஆண்டு அக்டோபரில். அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 22ஆம் தேதி காலையில், மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து காந்தி முழங்கால் வரைக்குமான ஒற்றைத் துணியோடு இறங்கி வந்தார். அந்நியத் துணியை விடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தவரிடம், கதர் வாங்க எங்களுக்கு வக்கில்லையே என்று ஏழைகள் சொன்னார்கள். அப்படியானால் அரைத்துணி போதும் என்று முடிவு செய்து அதைத் தன்னிலிருந்து தொடங்கினார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நீண்ட நாள் தோன்றவே இல்லை. மதுரை நிகழ்ச்சி எங்களுக்குப் பாடப் புத்தகம். மான்செஸ்டர் திறப்பு விழா இவர்களுக்கு உள்ளூர் வரலாறு. ஒரே இலையுதிர் காலம், ஒரே துணி. இங்கே கூடத்தைப் பெரிதாக்கித் திறக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் ஒருவர் தனக்கு இத்தனை கெஜம் வேண்டாம் என்கிறார்.

காந்தியால்தான் லங்காஷயர் விழுந்தது என்று சொன்னால் அது மேடைப்பேச்சு. போர் ஆண்டுகளில் கப்பல் வராதபோது இந்திய மில்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. ஜப்பான் மலிவாக நெய்து உள்ளே வந்தது. இறக்குமதித் தீர்வை ஏறியது. புறக்கணிப்பு இவற்றோடு சேர்ந்துகொண்டது. நீலகிரியில் பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்ததும் கோவையில் மில் மேல் மில்லாக எழுந்தது. லங்காஷயர் இந்தியாவுக்கு அனுப்பிய துணி 1930களின் இறுதியில் 1913இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வென் ஊருக்கு வந்து வேலையிழந்த மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து கைதூக்கி ஆரவாரிக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எக்ஸ்சேஞ்ச் விரிவாக்கத்தின் மிச்ச வேலைகள் முடிந்ததும் அதே 1931இல்தான். ஆள் குறையக் குறைய அறை பெரிதாகிக்கொண்டிருந்தது.

மேலமாசி வீதிக் கதையைச் சொன்னதும் மாமா சிரித்தார். “அந்த வீட்டுக் கீழ இருக்குற கதர்க் கடைலதான மாப்ள, தள்ளுபடி போட்டா போய் நிப்பேன். போர்வை, சோப்பு, தேனு. மாடில என்ன நடந்துச்சுன்னு யாரு கேட்டா?” என்றார்.

1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டர் மீது இரண்டு இரவுகள் குண்டு பொழிந்தன. எக்ஸ்சேஞ்சும் பலமாக அடி வாங்கியது. திரும்பக் கட்டியபோது கூடத்தைச் சுருக்கினார்கள். 1953இல் வியாபாரம் திரும்பத் தொடங்கியது. பதினைந்தே வருடங்களில் அதுவும் முடிந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

நகரின் மையத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு பெரிய வணிகக் கட்டடத்தை என்ன செய்வது? இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. முதல் தரம், இரண்டாம் தரத்தில் நட்சத்திரம் பெற்றது, சாதாரண இரண்டாம் தரம் என்று மூன்று படி. ராயல் எக்ஸ்சேஞ்ச் இரண்டாம் தரம். பட்டியலில் ஏறிவிட்டால் இஷ்டத்துக்கு இடிக்கவோ உருமாற்றவோ முடியாது, அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்கும், கட்டடத்துக்கு வேலை கொடுக்காது. வேலை இல்லாத கட்டடத்தின் கூரையில் முதலில் புறா வரும், பிறகு மழை வரும்.

மான்செஸ்டரிலேயே இதற்கு விதவிதமான விடைகள் உண்டு. போர்ட்லேண்ட் தெருவில் துணி வியாபாரி ஒருவர் அரண்மனை போலக் கட்டிய வாட்ஸ் கிடங்கு இன்று ஹோட்டல். பீட்டர் தெருவில் ஃப்ரீ டிரேட் ஹாலும் ஹோட்டல்தான், அங்கே முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் இருந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். வெளியே பத்தொன்பதாம் நூற்றாண்டு, உள்ளே போனால் கார்பெட்டும் லிஃப்டும். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை மாற்றும் இந்த வேலை எனக்குப் பிடிப்பதில்லை. எதுவுமே மிஞ்சாமல் போவதற்கு இது மேல் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் பிடிக்கவில்லை.

எக்ஸ்சேஞ்சுக்கு வந்தவர்கள் நாடகக்காரர்கள். 69 தியேட்டர் கம்பெனி என்ற குழு 1973இல் கூடத்துக்குள்ளேயே தற்காலிக அரங்கு ஒன்றைப் போட்டு ஆடிப் பார்த்தது. நிரந்தரமாக இருக்கலாம் என்று முடிவானபோது அவர்கள் செய்ததுதான் இந்தக் கட்டடத்தின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கூடத்தை அரங்கமாக மாற்றவில்லை. சுவரில் ஆணி அடித்துத் திரை கட்டவில்லை. கூடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் நடுவில் தனியாக ஓர் அரங்கத்தை வைத்தார்கள். எஃகுக் குழாயும் கண்ணாடியுமாக, ஏழு பக்கம் கொண்ட ஒரு கூடு. உள்ளே வட்ட மேடை. சுற்றிலும் இருக்கைகள், மேலே இரண்டு அடுக்கு கேலரி. அமைப்பைக் கற்பனை செய்தவர் மேடை வடிவமைப்பாளர் ரிச்சர்ட் நெக்ரி. கட்டடக் கலைஞர்கள் லெவிட் பெர்ன்ஸ்டீன்.

ஒரு சிக்கல். கூடம் இருப்பது தரையில் இல்லை, முதல் மாடியில். அடியில் கடைகள். 150 டன் எஃகையும் எழுநூறு பேரையும் அந்தத் தளம் தாங்காது. தளம் தாங்காவிட்டால் வேறு எது தாங்கும்? நடுக் குவிமாடத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் நான்கு பெருந்தூண்கள் தாங்கும். அவற்றுக்கு இடையே எஃகு உத்தரங்களைப் போட்டு, கூட்டை அவற்றிலிருந்து தொங்கவிட்டார்கள். விட்டத்தில் தூளி கட்டுவது போலத்தான். மேடையும் கீழ்த்தட்டு இருக்கைகளும் மட்டுமே தளத்தைத் தொடுகின்றன, மற்ற அத்தனையும் அந்தரத்தில். 1976 செப்டம்பரில் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் வந்து திறந்துவைத்தார்.

மாமா இதை நம்பவில்லை. தூணருகே போய் நின்று, உத்தரம் தூணில் போய்ச் சேரும் இடத்தைக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மிஷின்களை ஓட்டும் ஷாஃப்ட் மில் கூரையில் தொங்கிய காலத்தைப் பார்த்த பெரியவர்களிடம் வேலை பழகியவர். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமல் அவரால் ஒரு கட்டடத்துக்குள் உட்கார முடியாது. கடைசியில் “நட்டு போல்ட்டெல்லாம் வெளியவே தெரியுது, ஒளிக்கல. நல்ல வேல” என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

எனக்கும் அந்த ஒளிக்காத குணம்தான் பிடிக்கும். கல், பளிங்குத் தூண், குவிமாடம் எல்லாம் ஒரு பக்கம். எழுபதுகளின் குழாயும் கண்ணாடியும் ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றைப் போல வேஷம் போடவில்லை. புதிதாகக் கட்டுகிறோம், பழையதைப் போலக் கட்டுகிறோம் என்று வளைவும் தூணும் ஒட்டவைக்கிற வேலையை நம்மூரிலும் பார்க்கிறோம், இங்கேயும் பார்க்கலாம். இந்தக் கூட்டை நாளைக்கே கழற்றி எடுத்தாலும் வியாபாரக் கூடம் அப்படியே நிற்கும். பழைய கட்டடத்துக்குள் குடியேறுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பழக்கம் வேறு இருக்க முடியாது என்பது என் கட்சி.

1996 ஜூன் 15, சனிக்கிழமை. கார்ப்பரேஷன் தெருவில் நிறுத்திய லாரியில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்தது. சுமார் 1,500 கிலோ. முன்னெச்சரிக்கை கிடைத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காயமடைந்தவர்கள் இருநூறுக்கு மேல். எக்ஸ்சேஞ்ச் அங்கிருந்து ஐம்பது கெஜத்துக்குள் இருந்தது. அதிர்ச்சியில் குவிமாடம் இடம் பெயர்ந்தது. அரங்கத்தைத் தாங்கும் தூண்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும் குவிமாடம்! ஆனாலும் கட்டடத்தின் முக்கிய அமைப்புக்குச் சேதம் இல்லை. பழுதுபார்க்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. செலவு 3.2 கோடி பவுண்டு, பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதி. அதுவரை குழு அப்பர் கேம்ப்ஃபீல்ட் மார்க்கெட் என்ற பழைய சந்தைக் கொட்டகைக்கு ஒரு நகரும் அரங்கத்தைக் கொண்டுபோய் ஆடியது. 1998 நவம்பரில் திரும்பத் திறந்தபோது போட்டது, குண்டு வெடித்த சமயத்தில் அரங்கேற இருந்த அதே நாடகத்தை. லங்காஷயர் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், முதலாளி மகனைக் கட்டிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிடுகிற கதை. தேர்ந்தெடுத்து வைத்தாற்போல அமைந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மேடையைச் சுற்றி ஆட்கள் இருப்பதால் நடிகர் யாருக்காவது முதுகு காட்டியே ஆக வேண்டும். அந்த முதுகு பக்கம் உட்கார்ந்தால் லங்காஷயர் பேச்சு பாதி காதில் விழாது. மாமாவுக்கு முதுகு பக்கமும் இல்லாமல் நேரே உட்கார்ந்தும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் இடைவேளை வரை அசையவில்லை. நடிகர் ஒருவர் எங்கள் வரிசையை உரசிக்கொண்டு மேடைக்கு ஓடினார். “கையில புடிச்சிருந்த தட்டுல உண்மையிலேயே சோறு இருந்துச்சுடா” என்று வெளியே வந்ததும் வியந்தார்.

இடைவேளையில் கூட்டின் கதவுகள் திறந்து எல்லாரும் கூடத்துக்குள் வந்து நிற்பார்கள். கையில் கோப்பையோடு, இரண்டு மூன்று பேராக, தூண்களில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். மாமா அந்த நேரத்தைத் தூண்களில் செலவழித்தார். எழுத்து, எண் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி போனார். ஊழியப் பெண் ஒருவர் வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய பாட்டி ராய்ட்டன் பக்கம் ஒரு மில்லில் நூலைக் கோனில் சுற்றியவராம். மாமாவுக்கு அதை மொழிபெயர்த்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “எத்தனாம் நம்பர் ஓட்டுனாகளாம்?”

அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மணி அடித்ததும் உள்ளே போய்விட்டோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்துப் பக்கம் வாசல் இருக்கிறது, படியேற முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு. பகலில் கூடம் திறந்திருக்கும் நேரத்தில் போனால் டிக்கெட் இல்லாமலே சுற்றிப் பார்க்கலாம். முதலில் பலகையைப் பாருங்கள், பிறகு குவிமாடத்து எழுத்தை வாசியுங்கள், அதன் பிறகு கூட்டின் உத்தரம் தூணில் சேரும் இடத்துக்குப் போங்கள். நாடகம் பார்ப்பதாக இருந்தால் முதல் கேலரியில் இடம் கேளுங்கள். நடிகரின் முதுகு பக்கம் மாட்டிக்கொண்டாலும் அங்கிருந்து மேடை முழுக்கத் தெரியும்.